தியான ஆப் வாங்குவதா, வேண்டாமா? ஒரு திருகோணமலைத் தாதியின் கணக்கு

எங்கள் தாதியர் நலன்புரிச் சங்கத்தில் வருடக் கடைசியில் கொஞ்சம் காசு மிஞ்சும். வழக்கமாக அது ஒரு சுற்றுலாவுக்கோ, ஓய்வு பெறுகிற மிஸ்மாருக்குச் (தாதியரை நாங்கள் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்) சேலை எடுக்கவோ போய்விடும். இந்த முறை கூட்டத்தில் இளைய மிஸ் ஒருவர் எழும்பி, "எல்லாருக்கும் ஒரு தியான ஆப்புக்குச் சந்தா கட்டிக் குடுப்பமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்பென்றால் சிரித்திருப்போம். "நீங்கதானே அக்கா எதையும் துருவித் துருவிப் பார்க்கிற ஆள், பார்த்துச் சொல்லுங்கோ" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இரண்டு மாதம் பார்த்தேன். ஆறு செயலிகளைப் போனில் இறக்கி, பகல் டியூட்டிக்குப் பிறகும் நைட் டியூட்டிக்குப் பிறகும் பாவித்தேன். கண்டதை எழுதுகிறேன். வேறு வைத்தியசாலைகளிலும் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன், அவர்களுக்கும் உதவலாம்.

முதலில் நோய் என்ன என்று பார்க்காமல் மருந்தைப் பற்றிக் கதைப்பதில் பயனில்லை. அந்த இளைய மிஸ் பிறகு தனியே என்னிடம் சொன்னது இது: "அக்கா, அந்தப் பிள்ளை விடியப்புறம் நாலு மணிக்குச் செத்தது. கட்டிலைத் துடைச்சன், எழுத வேண்டியதை எழுதினன், தேத்தண்ணி குடிச்சன். அழுகை வரேல்ல. வீட்டை போனாப் பிறகு ஒரு கோப்பை விழுந்து உடைஞ்சிது. அதுக்கு அரை மணித்தியாலம் அழுதன்."

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைப் 'பரிவுச் சோர்வு' என்று தமிழாக்கலாம். 1992இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் ஒரு தாதியர் சஞ்சிகையில், தாதியரைப் பற்றியே அந்தச் சொல்லை முதலில் எழுதினார். மூன்று வருடம் கழித்துச் சார்ல்ஸ் ஃபிக்லி அதை ஒரு புத்தகமாக விரித்தார். வேலைப்பளுவால் வரும் களைப்பு வேறு, இது வேறு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் வேலைக் களைப்பை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையோடு ஒட்டிய ஒரு நிலையாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் களைப்பு ஆள் குறைவாலும் மேலதிக நேர வேலையாலும் மெல்ல ஏறும். பரிவுச் சோர்வு மற்றவருடைய வலியை அள்ளி அள்ளி வைத்ததால் வருவது, சிலவேளை ஒரே இரவில் வந்துவிடும். நடைமுறையில் இரண்டும் கைகோத்துத்தான் வரும். எங்கள் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர்: மனசு மரத்துப் போச்சு.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க 'புரோக்வோல்' என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த 30 நாட்களைப் பற்றி 30 வாக்கியங்கள். காசில்லை, பத்து நிமிடம் போதும். வேலையில் கிடைக்கும் நிறைவு, களைப்பு, பிறர் துயரம் நம்மில் ஒட்டியது என்று மூன்றாகப் பிரித்துப் புள்ளி காட்டும். செயலி வாங்க யோசிக்கும் எந்தச் சங்கமும் முதலில் இதைச் செய்யட்டும். களைப்புப் புள்ளி மட்டும் ஏறி நின்றால் உங்களுக்குத் தேவை தியானமே அல்ல, லீவு.

சரி, கடைக்குள் போவோம்.

காசு கட்டும் செயலிகளில் பெரிய பெயர் இரண்டு: ஹெட்ஸ்பேஸ், காம். முதலாவதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி புடிகோம் முன்பு பௌத்த துறவியாக இருந்தவர். அவருடைய குரலிலேயே பாடங்கள் வரும், படிப்படியாகச் சொல்லித் தருகிற முறை நல்லது. காம் தூக்கத்துக்குப் பேர்போனது, படுக்கையில் கேட்கும் கதைகள் அதில் நிறைய. இரண்டுமே வருடத்துக்கு 70 டொலரைத் தொடும், தாண்டியும் போகும். எங்கள் ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். 30 பேருக்கு வாங்கினால் சங்கம் திவால். கட்டுவதற்கும் வெளிநாட்டுக்குக் காசு போகிற கார்ட் ஒன்று வேண்டும், எங்களில் பாதிப் பேரிடம் அது இல்லை.

நானும் ஒரு செயலியில், பெயர் வேண்டாம், ஒரு கிழமை இலவசம் என்று நம்பிக் கார்ட் இலக்கத்தைப் போட்டேன். எட்டாம் நாள் வருடச் சந்தா முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நிறுத்த மறந்தது என் பிழைதான். ஆனால் நைட் டியூட்டி முடித்து வருகிறவளுக்கு எட்டாம் நாள் எது என்று நினைவிருக்குமா? மன அமைதிக்கு வாங்கிய சாமான் அந்த மாதம் முழுக்க என் இரத்த அழுத்தத்தைக் கூட்டியதுதான் மிச்சம்.

அதோடு இன்னொரு கணக்கு. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மனநலச் செயலிகள் 93ஐ எடுத்து, இறக்கியவர்களில் எத்தனை பேர் திரும்பத் திறக்கிறார்கள் என்று பார்த்தது. இடைநிலைக் கணக்கில் 15ஆம் நாள் 3.9 சதவீதம், 30ஆம் நாள் 3.3 சதவீதம். முப்பது பேரில் ஒருவர்! அந்தக் கணக்கை அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாதுதான், கூட்டாகச் செய்தால் கொஞ்சம் கூடும். என்றாலும் காசு கட்ட முன் அந்த ஒருவர் யார் என்று யோசிப்பது நல்லது.

இலவசப் பக்கம் நினைத்ததைவிட வளமாக இருக்கிறது. இன்சைட் டைமரில் பதிவுகள் கணக்கில்லாமல் கிடக்கின்றன, அதுவே குறையும்கூட: பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வந்தவளுக்குத் தேடிப் பொறுக்கத் தெம்பு இராது. அதன் மணியொலிக் கடிகாரம் மட்டும் எனக்குப் பிடித்தது. யாரும் பேசாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணி, முடிவில் ஒரு மணி. பிளம் வில்லேஜ், வியட்நாமியத் துறவி திக் நாட் ஹானின் வழியில் வந்தது, அதற்கும் காசில்லை, விளம்பரமும் இல்லை. ஹெல்தி மைண்ட்ஸ் புரோகிராம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டேவிட்சன் குழுவின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அதில் ஒரு நல்ல வசதி: இருந்து கேட்பதா, வேலை செய்துகொண்டு கேட்பதா என்று தெரிவு செய்யலாம். சட்டி கழுவிக்கொண்டு தியானம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு இதுதான் நடைமுறை.

இந்த இலவசங்கள் இருக்கும்போது காசு கட்டுவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. தூக்கத்துக்காக மட்டும் என்றால் காம் செயலி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பகலில் தூங்க வேண்டிய நைட் டியூட்டிக்காரருக்கு, பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கரை மறைக்க அதன் மழைச் சத்தம் உதவியது. மின்விசிறிச் சத்தமும் உதவும் என்பது வேறு கதை.

சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் செயலிகள் எல்லாவற்றுக்கும் மிகப் பிடித்த ஓசை கடலலை. ஆறுதல் என்றால் அலை, தூக்கம் என்றால் அலை. நான் ஒரு பதிவைப் போட்டு ஓய்வறையில் இருந்த ஒரு மிஸ்ஸிடம் கேட்கக் கொடுத்தேன். கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவர். பத்து செக்கனில் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டார். 2004 மார்கழி 26, சுனாமி வந்த அன்று அவருக்குப் பதினொரு வயது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஊரில் கடல் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பது கலிபோர்னியாவில் இருந்து செயலி செய்கிறவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, உடம்பை அங்கம் அங்கமாகப் பார்ப்பது பெரும்பாலானோருக்கு நல்லது. ஆனால் போரையும் இடப்பெயர்வையும் சிறு வயதில் கண்டவருக்கு, 2006இல் மூதூரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு, அந்த அமைதியே பூட்டி வைத்த கதவைத் திறந்துவிடலாம். தியானத்தால் சிலருக்கு வரும் இத்தகைய பாதிப்புகளை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்பவர் வருடக்கணக்காக ஆராய்ந்து வருகிறார். நேரில் சொல்லித் தருகிறவர் முகத்தைப் பார்த்து நிறுத்துவார், செயலிக்கு முகம் தெரியாது. ஆகவே எங்களுக்குள் ஒரு விதி வைத்தோம்: கண்ணைத் திறந்தபடி, இரண்டு காலும் தரையில் பட, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் தொடங்குவது. படபடப்பு வந்தால் நிறுத்துவது, அதில் தோல்வி ஒன்றுமில்லை.

இனி எனக்கு மிக முக்கியமாகப் பட்டதற்கு வருகிறேன். எந்தச் செயலி என்பதைவிட அதற்குள் எந்தப் பயிற்சி என்பதுதான் கேள்வி.

தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற இரண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை எடுத்து, துன்பப்படுகிறவர்களின் காணொளிகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். முதலில் அந்தத் துன்பத்தைத் தாங்களும் உணரப் பழக்கினார்கள். ஆட்களின் மனம் கனத்தது, வலியோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகள் வேலை செய்தன. அப்புறம் அதே ஆட்களை வேறொன்றுக்குப் பழக்கினார்கள்: துன்பப்படுகிறவருக்கு நல்லதை நினைப்பது, அன்பை அனுப்புவது. காணொளிகளில் துன்பம் குறையவில்லை, ஆனால் பார்த்தவர்களின் மனம் தேறியது. மூளையிலும் வேறு பகுதிகள் இயங்கின. அதனால்தான் அவர்கள், பரிவு சோர்வதில்லை, மற்றவர் வலியைத் தன் வலியாகவே ஏற்றுக்கொள்வதுதான் ஆளைச் சோர்க்கிறது, 'பரிவுச் சோர்வு' என்ற பெயரே பிழை என்கிறார்கள்.

பதினெட்டு வருட வேலையில் இதை நான் உணர்ந்திருக்கிறேன், சொல்லத்தான் தெரியாமல் இருந்தது. நோயாளியின் தாயோடு சேர்ந்து நானும் உடைகிற நாளில் என்னால் ஊசி போட முடியாது. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு 'இந்தப் பிள்ளைக்கு நோவு குறையட்டும்' என்று உள்ளே சொல்லிக்கொள்கிற நாளில் கை நடுங்காது. வெளியே பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே செயலிக்குள் போனால் 'மூச்சைக் கவனி' என்பதோடு நிற்காமல் அன்பு, கருணை சார்ந்த பயிற்சிகளைத் தேட வேண்டும். ஹெல்தி மைண்ட்ஸில் 'தொடர்பு' என்ற பகுதி அதற்கென்றே இருக்கிறது. மூச்சுப் பயிற்சி நெஞ்சுப் படபடப்பை இறக்கும், தூக்கத்துக்கு உதவும், மரத்த மனசைத் தொடாது. எங்கள் விடுதியில் (வாட்டில்) கந்தளாயிலிருந்து வருகிற சிங்கள மிஸ் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "இது நாங்கள் போயாவுக்குப் பன்சலையில் செய்கிறதுதானே, மைத்ரீ பாவனா" என்றார். சின்ன வயதிலிருந்தே செய்கிறாராம். இந்த மாவட்டத்தில் விகாரை என்றாலே எங்களுக்கு நினைவு வருவது வேறு பிரச்சினைகள். அதற்குள் இப்படி ஒன்று இருப்பதைப் பக்கத்துக் கட்டில் மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது.

மொழி அடுத்த இடறல். மேலே சொன்ன செயலிகளை நான் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். எங்களுக்கு ஆங்கிலம் விளங்காமல் இல்லை, நோயாளிக் குறிப்பு எல்லாம் அதில்தான் எழுதுகிறோம். அதனாலேயே அது வேலை மொழி. ஆங்கிலத்தில் "உங்கள் தோள்களைத் தளர்த்துங்கள்" என்று கேட்டால் எனக்கு ஏதோ வகுப்பில் இருக்கிற மாதிரித்தான். தமிழில் வேண்டுமென்றால் யூடியூப்பில் நிறையக் கிடைக்கிறது, ஈஷாவின் பன்னிரண்டு நிமிடத் தியானமும் தமிழில் உண்டு. சிலருக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் எங்கள் சங்கத்தில் மூன்று இனத்தவரும் நாலு சமயத்தவரும் இருக்கிறார்கள். ஒரு குருவின் படத்தோடு வருவதை முஸ்லிம் மிஸ்மாருக்கும் கத்தோலிக்கருக்கும் சங்கப் பணத்தில் கொடுப்பது சரியல்ல என்று நினைத்தேன். யூடியூப்பில் இன்னொரு கரைச்சல்: நல்ல அமைதியில் இருக்கும்போது நடுவில் சவர்க்கார விளம்பரம் பாய்ந்து வரும்.

பதிவுகளைக் கேட்பது எங்கே, எப்போது? அரச வைத்தியசாலையில் காலை 7 முதல் 1, 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7. இந்தக் கட்டத்துக்குள் பத்து நிமிடம் காதில் வயர் மாட்டிக்கொண்டு இருக்க இடமில்லை. விடுதிக்குள் போனைக் கையில் எடுத்தாலே "மிஸ் போன் நோண்டுறா" என்று பார்வையாளர் ஒருவர் சொல்வார், இன்னொருவர் வீடியோவே எடுப்பார். ஆகவே செயலிக்கு மிஞ்சுவது பஸ்ஸும் படுக்கையும்தான். பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். சாரதியின் பாட்டுப்பெட்டியை எந்தத் தியானத்தாலும் வெல்ல முடியாது.

விடுதிக்குள் உதவியவை போன் இல்லாதவை. ஒன்று, கை கழுவுதல். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற முறையில் சவர்க்காரம் போட்டுக் கழுவ 40 முதல் 60 செக்கன் ஆகும். அதற்குள் மெதுவாக நாலைந்து மூச்சு விடலாம். ஒரு டியூட்டியில் எத்தனை தரம் கழுவுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், எந்தச் செயலியும் அத்தனை தரம் நினைவூட்டாது. மற்றது, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜொனதன் பார்ட்டெல்ஸ் என்ற தாதி தொடங்கிய பழக்கம்: நோயாளி இறந்ததும், கூட நின்றவர்கள் ஒரு நிமிடம் அப்படியே பேசாமல் நிற்பது. இறந்தவருக்கு மரியாதை, நின்றவர்களுக்கு ஒரு இடைவெளி. அவரவர் மனதுக்குள் தேவாரமோ துஆவோ செபமோ சொல்லலாம், ஒன்றும் சொல்லாமலும் நிற்கலாம். அந்த இளைய மிஸ்ஸுக்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு நிமிடம்தான் என்று எனக்குப் படுகிறது. கட்டில் துடைக்கும் வேலை அதற்குள் ஓடிப் போய்விடாது.

செயலிக்கு உண்மையான போட்டி கதைப்பதுதான். பொஸ்டனில் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்த கென்னத் சுவார்ட்ஸ் என்ற வழக்கறிஞர், தன்னைப் பார்த்தவர்களின் கனிவு தன்னைத் தாங்கியதாக எழுதிவைத்தார். அவர் பெயரில் தொடங்கிய 'சுவார்ட்ஸ் சுற்று' பிறகு இங்கிலாந்து வைத்தியசாலைகளுக்கும் போனது. மாதம் ஒரு மணித்தியாலம், டாக்டரிலிருந்து சிற்றூழியர் வரை கூடி, ஒரு நோயாளி தன் மனதை எப்படித் தொட்டார் என்று கதைப்பது. வைத்திய முறை பற்றிப் பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. இங்கிலாந்தில் ஒழுங்காகப் போனவர்களில் மன உளைச்சல் உள்ளோர் பங்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வில் கண்டார்கள். 2021இல் குறிஞ்சாக்கேணிப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்த நாளைப் பற்றி இந்த மாவட்டத்துச் சுகாதார ஊழியர்கள் எத்தனை பேர் எங்கே கதைத்தார்கள்? இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சின்ன ஊர். இன்று கண்ணீரோடு சொன்னது நாளை கன்டீனில் பகிடியாக வரக்கூடாது. அதற்கு உறுதி இல்லாவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல்.

அந்தப் பயம் உள்ளவர்களுக்கு 1926. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். சொந்த வைத்தியசாலையின் மனநலக் கிளினிக் வாங்கில் போய் இருக்க எங்களுக்குக் கூச்சம், எதிரே வருகிற எல்லாரும் தெரிந்தவர்கள். கிழமைக்கணக்காகத் தூக்கம் இல்லை, அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, மருந்து கொடுப்பதில் பிழை விடத் தொடங்கிவிட்டீர்கள், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் செயலியைத் திறக்க வேண்டாம், கூச்சத்தை விட்டுவிட்டு இலக்கத்தை அழுத்துங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் போங்கள். எத்தனையோ பேருக்கு நாமே இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

செயலியில் மனநிலைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம் ஆட்களின் தகவலை விளம்பரத்துக்குக் கொடுத்ததற்காக 2023இல் அமெரிக்க அரச ஆணையம் 78 இலட்சம் டொலர் கட்ட வைத்தது. அழுததை எழுத ஒரு கொப்பி போதும்.

கடைசியாக, இதை மேலிடத்தில் வாசிப்பவர்களுக்கு. ஒக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஃப்ளெமிங் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. தியான வகுப்பு, மனநலச் செயலி எல்லாம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட நலமாக இருக்கவில்லை. தொண்டு வேலைக்குப் போனவர்களிடம் மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் விமானம் ஏறினார்கள் என்பது எங்கள் ரோஸ்டரைப் பார்த்தாலே தெரியும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய விடுதியை இரவில் ஒருவர் பார்க்கும்போது, அவர் கையில் செயலியைக் கொடுத்து 'மூச்சை இழுத்து விடு' என்றால் அது பகிடி.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். காசு கட்டும் செயலி வேண்டாம் என்று முடிவாயிற்று. விரும்பியவர்கள் ஹெல்தி மைண்ட்ஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நானே இருந்து போட்டுக் கொடுக்கிறேன். ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்கு எங்களில் குரல் நல்ல ஒருவர், எங்கட பேச்சிலேயே, அலைச் சத்தம் இல்லாமல் ஆறு நிமிடப் பதிவொன்று செய்து வாட்ஸ்அப்பில் போடுவது. சிங்களத்தில் ஒன்றைக் கந்தளாய் மிஸ் செய்கிறார். சங்கக் காசில் ஓய்வறைக்கு ஒரு மின்விசிறியும் தடித்த திரைச்சீலையும். மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை டியூட்டி விடுகிறவர்களும் மத்தியான டியூட்டிக்கு நேரத்தோடு வரக்கூடியவர்களும் சந்திக்கிற நேரத்தில் கதைக்கிற கூட்டம், தேத்தண்ணியும் வடையும் சங்கக் கணக்கு. மத்தியானம் லுஹர் தொழுகிறவர்களுக்காகத் தொடக்கத்தைக் கால் மணித்தியாலம் பின்தள்ளினோம்.

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். இளைய மிஸ் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார், இந்த முறை கோப்பை எதுவும் உடையவில்லை. நைட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் வந்திருந்த ஒருவர் பாதியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பவில்லை, அவருடைய வடையைக் கடதாசியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம்.